முட்டாத மூச்சு

“எனக்கு என்னன்னு எனக்குத் தெரியாதாடா?” என்று கேட்டார் என் அண்ணன். 2021 மே மாதத்தில் ஒரு பகல், பதினோரு மணி. திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகியிருந்தது. பேச்சில் தடுமாற்றம் இல்லை. முகத்தில் வேதனை இல்லை. அவர் விரலில் நான் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 81 என்று காட்டியது. கழற்றித் துடைத்து இன்னொரு விரலில் மாட்டினேன். 80. என் விரலில் மாட்டிப் பார்த்தேன். 98. “மெஷினுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு” என்று சிரித்தார். “அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றேன். “மூச்சு முட்டினாப் போகலாம். இருக்கிற படுக்கை முட்டுறவனுக்கு வேணும்” என்றார்.

முப்பது வருஷம் பள்ளியில் விஞ்ஞானம் போதித்தவர் அவர். பிராணவாயு என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே அவரிடமிருந்துதான். அவரைவிட அவர் உடம்பு எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு ஏழு மணிக்குப் பேச்சு குழறியபோதுதான் வண்டி பிடித்தேன். எட்டு மணி நேரம் போயிருந்தது. நான்காம் நாள் இறந்தார். அந்த எட்டு மணி நேரம் எதையாவது மாற்றியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அது நேர்மையான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரை என் குற்ற உணர்வைப் பற்றியதல்ல. அது என் சொந்த விஷயம். அண்ணன் கேட்ட கேள்வி சொந்த விஷயமல்ல என்று படுவதால் எழுதுகிறேன். தன் நிலை தனக்குத் தெரியாதா? ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வதை மற்றவன் எந்த எல்லைவரை நம்பக் கடமைப்பட்டவன்?

நம் போன்ற சிறு வட்டத்துக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. நம் நவீன எழுத்து எந்த அதிகாரத்தை முன்வைத்து எழுந்தது? சாஸ்திரம் சொல்லியிருக்கிறது என்பவனுக்கும் கட்சி சொல்லியிருக்கிறது என்பவனுக்கும் எதிராக, ‘நான் உணர்ந்தேன்’ என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்து எழுந்தது. அனுபவம்தான் கடைசி நீதிமன்றம், அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று நாம் தீர்மானித்திருந்தோம். ‘இது அனுபவத்திலிருந்து வரவில்லை’ என்று ஒரு கவிதையைத் தள்ளினால் அதற்கப்புறம் விவாதம் இருந்ததில்லை. அந்தத் தீர்மானம் நமக்கு நிறையக் கொடுத்தது. போலியைக் கண்டுபிடிக்க அதைவிடக் கூர்மையான கருவி நம்மிடம் இருக்கவில்லை. ஆனால் அனுபவிக்கிற உறுப்பே குறைபட்டால் அந்தக் குறை அனுபவத்தில் தெரியுமா என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. சுவாசத்தைப் பற்றிய விஞ்ஞானம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அது நமக்குச் சாதகமான பதில் அல்ல.

லவாஸியே 1780களில் சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று காட்டினார். எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று அவர் கருதினார். அடுத்த நூற்றாண்டில்தான் அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடப்பது தெளிவாயிற்று. நுரையீரல் வெறும் வாசல். செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்பில், உணவிலிருந்து பிடுங்கப்பட்ட எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி வருகின்றன. கடைசிப் படியில் அவற்றை வாங்கிக்கொள்வது ஆக்ஸிஜன். வாங்கிக்கொண்டு நீராகிவிடுகிறது. நாம் உயிர்வாயு என்று போற்றுகிற பொருளின் வேலை இதுதான்: கடைசியில் நின்று வாங்கிக்கொள்வது. அது இல்லாவிட்டால் மேலேயுள்ள வரிசை முழுவதும் தேங்கிவிடும். ஏடிபி என்ற சக்திச் சில்லறையைப் போதிய அளவில் அடிக்க முடியாது. ஒரு நாளில் உடல் செய்து செலவழிக்கும் ஏடிபியின் மொத்த எடை ஏறக்குறைய அந்த உடலின் எடைக்குச் சமம். எந்தக் கணத்திலும் கையிருப்பு மிகக் கொஞ்சம். சேமிப்பு இல்லாத குடும்பம் இது. அன்றன்று சம்பாதித்து அன்றன்று தீர்க்கிறது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஓய்வில் உடல் எரிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. மூளைக்கு ரத்தம் முற்றாக நின்றால் பத்து வினாடி அளவில் பிரக்ஞை போய்விடும்.

இவ்வளவு அத்தியாவசியமான ஒன்று குறைந்தால் உடனே உடல் கூக்குரலிட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். உடல் அப்படி அமையவில்லை. 1905இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும் சாதாரண சுவாசத்தை நடத்துவது கரியமிலவாயு என்று நிறுவினார்கள். (இந்த ஹால்டேன், பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் இறந்த ஜே. பி. எஸ். ஹால்டேனின் தந்தை.) ரத்தத்தில் கரியமிலவாயு சற்று ஏறினாலும் மூச்சு வேகம் கொள்கிறது, மேலும் ஏறினால் தாளமுடியாத திணறல். ஆக்ஸிஜன் குறைவதை உணரக் கழுத்துத் தமனியோரம் சிறு முடிச்சுகள் இருக்கத்தான் செய்கின்றன. அதைக் காட்டியதற்காக ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவு பாதிக்குக் கிட்டத்தட்டச் சரியும்வரை அவை பெரிதாகக் கிளர்ச்சி செய்வதில்லை. அப்போதும் அவை சுவாசத்தை வேகப்படுத்துகின்றனவே தவிர, திணறல் என்ற வேதனையை எல்லோரிடமும் எழுப்புவதில்லை. வேகமான மூச்சில் கரியமிலவாயு வெளியேறிவிடுவதால் இருக்கிற அபாய மணியும் ஓய்ந்துபோகும். கிணற்றில் மூழ்குமுன் ஆழமாகப் பத்து இருபது முறை மூச்சிழுத்துவிடும் பையன்கள் அதிக நேரம் தண்ணீருக்கடியில் இருக்க முடிவது இதனால்தான். அவர்கள் சேர்த்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் சொற்பம். வெளியேற்றுவது அபாய மணியை. சிலர் மேலே வராமலே போவதும் இதனால்தான்.

தமிழில் நாம் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒன்றுக்குப் பிராணன் என்று பெயர் கொடுத்து உயிரோடு சேர்த்தோம். மற்றதைக் கரியின் பெயரால் அழைத்துக் கழிவோடு சேர்த்தோம். பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் நம்மை எச்சரிப்பது கழிவுதான். உயிர் சப்தமில்லாமல் இறங்கிப் போகிறது. பாமர வழக்கு இதில் பாடப்புத்தகத்தைவிட நுட்பமாக இருக்கிறது. ‘மூச்சு முட்டுகிறது’ என்கிறோம். முட்டுவது நிறைந்தது, இல்லாதது முட்டாது. நாம் உணர்வது தேக்கத்தை, குறைவை அல்ல. வலி இல்லாத அந்தக் குறைவுக்கு நம் பேச்சில் சொல் இல்லை. அண்ணன் மூச்சு முட்டுவதற்குக் காத்திருந்தார். அது கடைசிவரை முட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும் கணக்கு நேர்கோடாகப் போவதில்லை. ஆக்ஸிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60க்கு இறங்கும்போதும் ஹீமோகுளோபின் 90 சதவீதம் நிறைந்தே இருக்கும். அதற்குக் கீழே செங்குத்தான சரிவு. இந்த மேட்டுச் சமவெளி நமக்குப் பெரிய பாதுகாப்பு. அதே சமவெளிதான் இழப்பை மறைக்கவும் செய்கிறது. விளிம்புவரை எல்லாம் சரியாகவே இருக்கும்.

இதற்கு மறக்கமுடியாத சாட்சியம் 1875 ஏப்ரல் 15இல் பாரிஸில் புறப்பட்ட ஸெனித் என்ற பலூன். அதில் மூன்று பேர்: கஸ்தோன் திஸாந்தியே, குரோசே ஸ்பினெலி, ஸிவெல். பின்னிருவரும் விஷயம் தெரியாதவர்கள் அல்ல. முந்தின ஆண்டே போல் பெர்ட் என்ற உடலியல் விஞ்ஞானியின் அழுத்தக் குறைப்பு அறைக்குள் உட்கார்ந்து தங்கள் மூளை மங்குவதையும் ஆக்ஸிஜன் அதை மீட்பதையும் அனுபவமாகவே அறிந்தவர்கள். ஸெனித்திலும் ஆக்ஸிஜன் கலந்த காற்று நிரம்பிய பைகள் தொங்கின. கொண்டுபோகும் அளவு போதாது என்று பெர்ட் எழுதிய கடிதம் அவர்களுக்கு நேரத்தில் கிடைக்கவில்லை. இருப்பது கொஞ்சம் என்பதால், தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது என்று அவர்கள் தீர்மானம்.

‘தேவைப்படும்போது’ — இந்தச் சொல்லில்தான் எல்லாம் கெட்டது. தேவையைத் தீர்மானிக்க வேண்டிய மூளைதான் அந்தத் தேவையின் முதல் பலி. ஏழாயிரம் மீட்டருக்கு மேலே, இன்னும் எடையை எறிந்து ஏறலாமா என்று ஸிவெல் கேட்டார். மற்ற இருவரும் சம்மதித்தார்கள். வற்புறுத்தல் இல்லை, பயம் இல்லை, ஏகமனதான முடிவு. வேதனை எதுவும் தெரியவில்லை, மாறாக உள்ளே ஒரு ஆனந்தம் இருந்தது என்று திஸாந்தியே பிறகு எழுதினார். பையின் குழாயை எடுக்க நினைத்தபோது கை எழவில்லை. மயங்கினார். நடுவில் ஒருமுறை விழித்தபோது பலூன் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது விழித்த குரோசே ஸ்பினெலி, இறங்கிக்கொண்டிருந்த பலூனிலிருந்து எடைகளையும் ஒரு கருவியையும் தூக்கி எறிந்தார். பலூன் மறுபடி ஏறிற்று. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டி 8,600 வரை போயிருந்ததாக உடனிருந்த அழுத்தமானிகள் காட்டின. திஸாந்தியே இரண்டாம் முறை விழித்தபோது மற்ற இருவரும் இறந்திருந்தார்கள். பிழைத்தவர் காதும் கேட்காமல் போயிற்று.

இந்தச் சம்பவத்தில் அனுபவவாதிக்கு இடம் எங்கே? மூவரும் பொய் சொல்லவில்லை. உணர்ந்ததைத்தான் சொன்னார்கள். ஆனந்தம் உண்மையான ஆனந்தம். விஷயத்தை முன்பே அனுபவித்தவர்கள் என்பதும் உதவவில்லை. 81இல் இருந்த அண்ணனும் பொய் சொல்லவில்லை.

சரி, அனுபவத்தை விட்டுவிட்டுக் கருவியை நம்புவோம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. விரல் வழியே ஒளி செலுத்தி ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் முறையை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் கண்டுபிடித்தார். 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியில் விரலை நுழைத்துக்கொண்டிருந்தபோது காலமானார். அந்தக் கருவி பார்ப்பது நிறத்தை. கரி அடுப்புப் புகையில் மூச்சடைத்தவனின் ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைக் கார்பன் மோனாக்ஸைடு பிடித்துக்கொண்டிருக்கும், அதுவும் சிவப்பு. கருவி எல்லாம் சரி என்றே சொல்லும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு இன்னும் சங்கடமானது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை நேராகச் சோதித்தபோது உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். தோலின் நிறம் ஒளியில் குறுக்கிட்டது. கருவியைச் சரிபார்த்தவர்கள் பெரும்பாலும் யாருடைய விரல்களில் சரிபார்த்தார்களோ அந்த விரல்களுக்கு அது அதிகம் உண்மை பேசிற்று. புறவயம் என்பதற்கும் ஒரு தோல் இருக்கிறது.

ஆகவே அகமும் பொய்க்கும், புறமும் பொய்க்கும். இந்த இடத்தில் நம் கட்டுரைகள் வழக்கமாக நிம்மதியாக முடிந்துவிடும்: உண்மை அறியமுடியாதது, எல்லாம் பார்வைக் கோணம். எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. பதினோரு மணிக்கு வண்டி கூப்பிடுவதா வேண்டாமா என்பதற்கு இரண்டில் ஒரு பதில்தான் உண்டு.

‘உன் நிலை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? இந்த வாக்கியம் யார் யார் வாயில் வந்திருக்கிறது என்று நினைத்தால் நாக்கு கூசுகிறது. தொழிலாளியிடம் கட்சிக்காரன் சொன்னது இது. பெண்ணிடம் குடும்பம் சொன்னது. நெருக்கடி நிலையின்போது, 1976–77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் கட்டாயத்துக்குப் பணிந்தவர்களிடம் அரசாங்கம் சொன்னதும் இதுதான். போல் பெர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பலூன்காரர்களிடம் ‘உங்கள் நிலை உங்களுக்குத் தெரியப்போவதில்லை’ என்று சொன்னதில் அவர் முற்றிலும் சரி. அதே பெர்ட் 1886இல் பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாக அன்னாம், தொங்கின் பகுதிகளை ஆளப்போனார். அந்த ஆண்டே ஹனோயில் இறந்தார். தங்களுக்கு எது நல்லதென்று அந்த மக்களுக்குத் தெரியாது என்பதுதானே காலனி ஆட்சியின் ஆதாரமான வாதம்? ஒரே மனிதர், ஒரே வாக்கிய அமைப்பு. ஒன்று உயிர் காக்கக்கூடியது, மற்றது அடிமைப்படுத்தியது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நான் கண்டவரை இரண்டு வித்தியாசங்கள். முதலாவது, பெர்ட் பலூன்காரர்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கவில்லை. உயரப் போக வேண்டும், உயிரோடு திரும்ப வேண்டும் என்பது அவர்களே தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குள் நின்று, ‘நீங்கள் விரும்புவதற்கு இது போதாது’ என்று மட்டும் எழுதினார். ஆளப்போனவனோ விருப்பத்தையே மாற்றி எழுதினான். இரண்டாவது, பலூன்காரர்களிடம் சொன்னது சோதிக்கக் கூடியது. அவர்களே அவருடைய அறையில் உட்கார்ந்து சோதித்திருந்தார்கள். கருவியை என் விரலிலும் மாட்டிப் பார்க்க முடிந்ததுபோல. தன் விரலை நீட்டாமல் ‘உனக்குத் தெரியாது’ என்பவனை நம்பத் தேவையில்லை.

இதன்படி பார்த்தால், அண்ணனின் சொல்லுக்கு எதிராக நான் வைத்திருக்க வேண்டியது என் அதிகாரத்தை அல்ல, அவருடைய சொல்லையே. 98இல் இருந்த அண்ணனிடம், ‘ஒருவனுக்கு 81 என்று காட்டுகிறது, திணறல் இல்லை, என்ன செய்யலாம்?’ என்று கேட்டிருந்தால், ‘முட்டாள், இன்னும் ஏன் நிற்கிறாய்?’ என்றிருப்பார். வகுப்பில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கக் கூடியவர். அவருடைய இரண்டு சொற்களில் எதை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. தெளிந்திருந்தபோது சொன்னதை எடுத்துக்கொள்வதுதான் அவருக்கு மரியாதை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கவில்லை. பெர்ட்டின் கடிதம் சரியான கடிதம், தாமதமான கடிதம். கீழே நிற்பவன் மேலே போகிறவனுக்கு எழுத வேண்டியதைப் புறப்படுமுன் எழுதிவிட வேண்டும்.

எழுத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். உடலியலை நீதிக்கதையாக்குவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஹீமோகுளோபின், உழைக்கிற திசுவில் கரியமிலவாயு மிகுந்த இடத்தில் அதிக ஆக்ஸிஜனைக் கொடுத்துவிடுகிறது என்று கிறிஸ்டியன் போர் 1904இல் காட்டியதை வைத்து ஒருவர் சமதர்மம் பாடியதைக் கேட்டிருக்கிறேன். ரத்தத்துக்குச் சமதர்மம் தெரியாது. ஆனால் இவ்வளவு சொல்லலாம்: இருநூறு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டு, திணறல் ஏதும் இல்லை, மாறாக ஒரு ஆனந்தமே இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் வட்டத்தில், ‘எங்கள் அனுபவம் சாட்சி’ என்பது போதுமான சாட்சியம் அல்ல. விமர்சனம் வெளியே வேறு அழுத்தத்தில் நிற்பவனிடமிருந்துதான் வர முடியும். அவனும் தன் விரலை நீட்ட வேண்டும்.

இவ்வளவு தெளிந்த பிறகும் எனக்குத் தீராத ஒன்று இருக்கிறது. ‘இருக்கிற படுக்கை முட்டுறவனுக்கு வேணும்’ என்றார் அண்ணன். அந்த வாரம் படுக்கை நிஜமாகவே இல்லை. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் நின்றன. அந்தச் சொல் 98இலும் அவர் சொல்லியிருக்கக் கூடியதுதான். பந்தியில் கடைசியாக உட்காருகிற மனிதர். அப்படியானால் அது அவருடைய அறம். அதை மீற எனக்கு உரிமை இல்லை. இல்லை, அது குறைந்த பிராணவாயு தந்த இதம் என்றால், அதற்குப் பணிந்தது என் தவறு. வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒரே வாக்கியம். உள்ளே இருந்து பார்க்க, அவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும். பெருந்தன்மைக்கும் மயக்கத்துக்கும் நடுவே கோடு போட எந்தக் கருவியும் இல்லை. நான் அதைப் பெருந்தன்மை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வசதிக்காகவா அவர் மரியாதைக்காகவா என்று கேட்டால், சொல்ல முடியாது.

சென்ற மாதம் என் மகனைக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 92க்குக் கீழே போனால் கூட்டிக்கொண்டு போ; அப்போது நான் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. படித்துவிட்டு, “அப்பா, அப்பயும் படுக்கை இல்லாத காலமா இருந்தா?” என்று கேட்டான். அதை நான் எழுதவில்லை. தாளைத் திருப்பி வாங்கி வைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது வரியை, நிதானம் இருக்கும்போதே, எழுதியாக வேண்டும்.